அந்திக் கொழுந்து

கருங்கல் தோட்டம், மேல் டிவிசன்,
அக்கரப்பத்தனை.
11.05.1986

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் விசேட சித்தி. மற்றவை பரவாயில்லை. சங்கீதத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஹட்டனில் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு இருக்கிறது, ஒக்டோபர் கடைசியில் தொடங்குகிறார்கள், கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கலாம், தானே சிபாரிசு செய்வதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார். பாடசாலையிலிருந்து லயத்து வீடு வரைக்கும் ஓடியே வந்தேன். மழை பெய்தது தெரியவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தெரிந்தது.

அப்பா தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். மிச்சத் தண்ணீரையும் காலில் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“ஒங்கண்ணனும் இப்பிடித்தான் ஓடியாந்தான். கெம்பஸ்ஸுக்குப் போனான். பட்டம் வாங்குனான். வருசம் ஒண்ணாச்சு. ஒம் மகனுக்கு என்ன வேலன்னு ஊர்ல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.”

“கொம்பியூட்டர் படிச்சிருக்காருப்பா.”

“அது படிப்பு. நான் கேட்டது வேல.”

பிறகு அப்பாவே ஒரு முடிவு சொன்னார். உங்களுக்குப் படித்த படிப்புக்கு வேலை கிடைத்தால் நான் ஹட்டனுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பிள்ளைக்காம்பரா. கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடத்துக்குப் படித்த பெண்பிள்ளை ஒருத்தி வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொன்னாராம். மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அப்பாவிடம் என் பெயரைச் சொல்லிவிட்டார். ஒக்டோபர் வரைக்கும் பொறுத்திருப்பார்களாம்.

ஆகையால் அண்ணா, என் தலைவிதி உங்கள் கையில் இருக்கிறது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். கொம்பியூட்டர் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு என்னென்ன வேலைகள் உண்டு என்று விவரமாக எழுதுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கணக்கப்பிள்ளை பொன்னையா வேறு, “மத்தியாஸு, ஒம் மகன் படிச்சது ரேடியோப் பெட்டி மாதிரியா, டீவிப் பெட்டி மாதிரியா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். “ரெண்டும் இல்ல, கணக்கப்பிள்ளை மாதிரி. ஆனா தப்பு வராது,” என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அம்மாவின் வலது மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. மலைக்குப் போகாமல் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். போகிறார்.

உங்கள் தங்கை,
சிசிலி

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
02.06.1986

அன்புள்ள சிசிலி,

நலம் விசாரிக்கிற வரிகளை நீயே எழுதி வாசித்துக்கொள். எனக்கு அந்த வரிகள் இப்போது வருவதில்லை. கணிதத்தில் விசேட சித்தி என்று படித்தபோது சந்தோஷப்பட்டேன். அது நிஜம்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறாய். இதை வாசித்துக் காட்டாதே.

இந்த நாட்டில் கொம்பியூட்டர் இருக்கும் இடங்கள் அதிகம் இல்லை. ஒரு காப்புறுதிக் கந்தோரில் பார்த்தேன். கண்ணாடி அறை, குளிர்காற்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயிலைப் போல. அதற்குப் பொறுப்பாக இருப்பவருக்கு என்ன பயம் என்றால், இன்னொருவன் வந்து அதைக் கற்றுக்கொண்டால் தான் எதற்கு என்பது. மிகவும் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டார். ஒரு வங்கியில் தட்டச்சு தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியும் என்றேன். அதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறதாம்.

என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுக்கு அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருந்தார்கள். நமக்குப் பக்கத்துத் தோட்டத்தில், டயகமவில் இருக்கிறார்கள்.

போன கிழமை ஒரு நேர்முகம். நன்றாகத்தான் போனது. என் பெயரையும் சிங்களத்தையும் கேட்டு என்னை நீர்கொழும்புக் கத்தோலிக்கன் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு ஊரைக் கேட்டார்கள். அக்கரப்பத்தனை என்றேன். “அப்பா ஆசிரியரா?” “இல்லை, தோட்டத் தொழிலாளி.” அதற்குப் பிறகு அவர் என் பட்டச் சான்றிதழை மறுபடியும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

இப்போது இரண்டு பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மூத்தவன் என்னைவிடக் களைத்தவன்.

கணிதம் படிக்காதே என்று சொல்ல மனம் வரவில்லை. படி என்று சொல்ல முகம் இல்லை. அம்மாவை மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

றோலண்ட்

*

கருங்கல் தோட்டம்.
20.06.1986

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. “அண்ணன் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்காரு” என்றேன். “அத நீ சொல்றியா, அவன் சொல்றானா?” என்று கேட்டார். அப்பா கொழுந்து அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் காது மந்தம் என்று நினைக்கிறோம். வேண்டியது எல்லாம் நன்றாகக் கேட்கிறது.

எனக்கு உங்கள் மேல் கோபம். உங்களுக்கு வேலை கிடைக்காததற்கு இல்லை. கிடைக்காது என்று முடிவு கட்டிவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அதற்குத்தான். பாடசாலையில் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைக்கும் வேலை எனக்கு. இனி வரும் காலம் கொம்பியூட்டர் காலம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தார்கள். எழுதியவர் பேராசிரியர். அவர் பொய் சொல்வாரா? நீங்கள் சொல்வீர்களா? இரண்டு பேரும் சொல்லவில்லை என்றால் அந்தக் காலம் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஹட்டன் ஸ்டேசனைத் தாண்டவில்லை என்றுதானே அர்த்தம்?

நேற்றுப் பிள்ளைக்காம்பராவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏணைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு குழந்தை அழுதால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்கிறது. அங்கே இருக்கும் ஆயா மீனம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ கணக்குல கெட்டிக்காரியாமில்ல? இந்தப் பீத்துணிக்கெல்லாம் ஏதுடி கணக்கு?”

நானும் சிரித்தேன். அவர் நல்லவர். குழந்தைகளும் நல்லவை. ஆனால் அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, அதுவும் மேலே. அதற்குள் நின்றுகொண்டு நான் கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். அங்கே வேலைக்குப் போனால் தினமும் அதைத்தான் எண்ணுவேன் என்று தோன்றியது.

அம்மாவிடம் கேட்டேன், நான் எங்கே போவது என்று. அம்மா கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார், இடது கையால். “நாஞ் சொல்லி யாரு கேக்குறா? பள்ளிக்கொடம் போறதுன்னா போ. நான் ரெண்டு நிர கூடப் பறிச்சிக்கிறேன்,” என்றார். அந்தக் கையை வைத்துக்கொண்டு.

எங்கேயாவது, எதிலாவது சேருங்கள் அண்ணா. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள்.

உங்கள் தங்கை,
சிசிலி

*

கொழும்பு 13.
14.07.1986

அன்புள்ள சிசிலி,

வேலை கிடைத்துவிட்டது. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாம்.

பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கம்பெனி. கீழே துணிக்கடை, மேலே நாங்கள். மூன்று கொம்பியூட்டர்கள், ஐந்து பேர். முதலாளி முத்துலிங்கம் என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்தில் படித்தவர். நேர்முகத்தில் ஊரைக் கேட்டார். வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தித் தோட்டம் என்றேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “தோட்டமோ? உண்மையாவோ? தம்பி, உம்மைத்தான் நான் தேடிக்கொண்டு இருந்தனான்!” என்றார். என் ஊர்ப் பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள்.

விஷயம் இதுதான். நம் தோட்டம் உட்பட நாலு தோட்டங்களின் செக்குரோலைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்க்க ஒப்பந்தம் எடுத்திருக்கிறார். யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கொழுந்து, முழுப்பேரா, அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதி அனுப்பினால், இங்கே இயந்திரம் கணக்கிட்டு அச்சடித்துத் திருப்பி அனுப்பும். கம்பெனியில் ஒருவரும் தேயிலைச் செடியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. அதனால் நான்.

உன்னிடம் ஒரு உதவி. நான் ஆறாம் வகுப்பிலேயே விடுதிக்குப் போனவன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பார்த்ததே இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. நீ எதையும் உற்றுப் பார்க்கிறவள். காலைப் பெரட்டிலிருந்து அந்தி நிறுவை வரை என்ன நடக்கிறது என்று ஒன்று விடாமல் எழுது. உனக்கு அற்பமாகத் தெரிவதையும் எழுது. கூலியாக ஹட்டன் விடுதிக்கு ஒரு நல்ல அகராதி வாங்கி அனுப்புகிறேன்.

றோலண்ட்

*

கருங்கல் தோட்டம்.
27.07.1986

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போனார். தேநீர்க் கடையில் கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம தோட்டத்துச் செக்குரோலு இனிமே எம் மகன்கிட்டத்தான் போவுது,” என்று சொல்லியிருக்கிறார். கணக்கப்பிள்ளையின் தேநீர் ஆறிப்போனதாம். திரும்பி வந்து என்னிடம், “தலைமை வாத்தியார்கிட்ட நாளைக்குப் போயிச் சொல்லிரு,” என்றார். அவ்வளவுதான். அண்ணா, நான் ஹட்டனுக்குப் போகிறேன்!

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். இப்போது எனக்கு வகுப்பு இல்லாததால் மூன்று நாள் அம்மாவோடு மலைக்குப் போய் நின்று பார்த்தேன். என் கையில் கொப்பியைப் பார்த்துவிட்டு, “யாருடி இது, புது கண்டாக்கம்மாவா?” என்று அம்மாவோடு கொழுந்து பறிக்கும் காளியாயி அக்கா கேட்டார்.

காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். குளிரில் எல்லோரும் படங்குச் சாக்கைத் தலையோடு சுற்றிக்கொண்டு நிற்பதால் யார் எவர் என்று தெரியாது, குரலை வைத்துத்தான் கணக்கப்பிள்ளை கண்டுபிடிக்கிறார். பிறகு மலைக்குப் போய்ச் செடிகளில் ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்துக்கொள்கிறார்கள். பறிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். அம்மாவுக்கு ஒன்றரைதான் இருக்கிறது.

நிறுவை மூன்று முறை: காலை, பகல், அந்தி. கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மடுவத்தில், தராசு தொங்குகிறது. காலையிலும் பகலிலும் நிறுத்ததை ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, அந்தியில் மூன்றையும் கூட்டிச் செக்குரோலில் மொத்தத்தை மட்டும் எழுதுகிறார்கள். மொத்தம் தோட்டம் வைத்த கணக்குக்கு வந்தால் ஒரு பேர், முழுநாள் கூலி. குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள்தான் வேலை செய்தாய் என்று அர்த்தம்.

இனித்தான் நான் கண்டுபிடித்தது. அம்மாவின் காலைக் கொழுந்து குறைவு. பகல் கொழுந்தும் குறைவு. அந்திக் கொழுந்து மட்டும் எல்லோரையும்விட அதிகம்! களைத்துப்போகிற நேரத்தில் எப்படிக் கூடுகிறது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் பார்த்தேன். அந்தி நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது, கணக்கு நிரம்பியவர்கள் யாருக்குக் குறைகிறதோ அவருடைய கூடைக்குள் தங்கள் கொழுந்தில் இரண்டு கை, மூன்று கை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். பேசிக்கொண்டே, பார்க்காமலே. காளியாயி அக்கா போட்டார், அடுத்த நிரைக்காரி போட்டார், அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாத ராக்காயி அத்தைகூடப் போட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கணக்கப்பிள்ளை பொன்னையா அந்த நேரம் பார்த்துத்தான் பென்சில் சீவுகிறார். நாலு நாளில் தேய்ந்துபோகும் பென்சில்!

காளியாயி அக்கா மாசமாக இருந்தபோது அம்மா போட்டாராம். முறை வைத்து யாரும் செய்வதில்லை. இன்றைக்கு யாருக்கு முடியவில்லையோ அவருக்கு. எவ்வளவு அழகாக இருக்கிறது இல்லையா? இது அற்பமான விஷயம்தான். ஆனாலும் அற்பமானதையும் எழுதச் சொன்னீர்கள்.

அகராதி தடிமனாக இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
சிசிலி

*

கொழும்பு 13.
24.08.1986

அன்புள்ள சிசிலி,

உன் கடிதம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இரண்டு வாரமாக வேலை செய்தேன். வேலை முடிய நேரமாகி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வீடு போகிறேன், கண் எரிகிறது. ஆனாலும் இது படித்த படிப்புக்கான வேலை. அப்பாவிடம் அப்படியே சொல்.

முத்துலிங்கம் சாரிடம் பகல் சாப்பாட்டின்போது அம்மாவின் அந்திக் கொழுந்தைப் பற்றிச் சொன்னேன், ஒரு கதை போல. பென்சில் சீவுகிற பொன்னையாவைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்ல விசயம் தம்பி, நல்ல விசயம்,” என்றார். பிறகு மூன்று நிறுவையையும் தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல்லிப் படிவத்தை மாற்றினார். விவரம் கூட இருந்தால் நல்லதுதான்.

செப்டம்பர் முதலாம் திகதியிலிருந்து நாலு தோட்டத்திலும் பரீட்சார்த்தமாகத் தொடங்குகிறோம். நம் தோட்டத்திலும்தான். அச்சடித்த தாளின் அடியில் யார் செய்தது என்று பெயர் வராது. நீ மட்டும் தெரிந்துகொள்.

அகராதியைத் தபாலில் போட்டிருக்கிறேன்.

றோலண்ட்

*

கருங்கல் தோட்டம்.
21.09.1986

அண்ணாவுக்கு,

அகராதி வந்தது.

கொழும்பிலிருந்து அச்சடித்த தாள்களும் வந்தன. சிலர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறது. அம்மாவுக்குப் போட்டிருக்கிறது. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த லெட்சுமிக்கும் போட்டிருக்கிறது. நட்சத்திரம் விழுந்தவர்களை அந்தி நிறுவையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே கூப்பிட்டுத் தனியாக நிறுக்க வேண்டும் என்று ஆபீஸில் கட்டளையாம்.

போன கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் அந்திவரைக்கும் இருந்து பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன். எழுதச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை.

கணக்கப்பிள்ளை, “மார்கிரட்டு, நீ முன்னுக்கு வா,” என்றார். அம்மா கூடையோடு போனார். காளியாயி அக்கா பின்னாலேயே வந்தார்.

“நீ எங்க வாற? நட்சத்திரம் விழுந்தவங்க மட்டும்.”

“அய்யா, ரெண்டு கை கொழுந்துங்க.”

“ஏ காளியாயி, நான் என்னத்த செய்ய? முன்னெல்லாம் நான் கண்ண மூடிக்கிட்டேன். இந்த மெசினுக்கு மூடுறதுக்குக் கண்ணே இல்லயே.”

“மெசின் என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு? மார்கிரட்டு மகன் செஞ்சதுதான? தாய்க்கே அரப்பேரு போடுற மகன இப்பத்தான் பாக்குறேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா தராசில் கூடையை மாட்டினார். அரைப்பேர். முந்தின நாளும் அரைப்பேர். இந்த மாதம் அம்மாவின் வரிசையில் முழுப்பேரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா மணிக்கட்டில் முந்தானையைச் சுற்றிக்கொண்டே நடந்தார். கடைசியில், “அண்ணனுக்கு எழுதிறாத. அவன் என்ன செய்வான், பாவம். சம்பளத்துக்கு இருக்கிறவன்,” என்றார். அம்மா சொன்னதை முதல் தடவையாக மீறுகிறேன்.

அப்பா தேநீர்க் கடைக்குப் போவதில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த நட்சத்திரம் என் கடிதத்திலிருந்து வந்ததா?

சிசிலி

*

கொழும்பு 13.
05.10.1986

அன்புள்ள சிசிலி,

ஆம். உன் கடிதத்திலிருந்து என் வாய்க்கு, என் வாயிலிருந்து அவர் காதுக்கு. நட்சத்திரம் போடுகிற வரிகளை எழுதியது என் கைதான். காரணம் சொல்லாமல் எழுதச் சொன்னார், நானும் கேட்காமல் எழுதினேன். காலைக் கொழுந்தோடு அந்திக் கொழுந்தை ஒப்பிட்டு, அந்தி அளவுக்கு மீறிக் கூடியிருந்தால் நட்சத்திரம். அதற்கு மேல் அந்த இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவையும் தெரியாது, மணிக்கட்டையும் தெரியாது. எழுதும்போது எனக்கும் தெரியவில்லை. கணக்காகத்தான் தெரிந்தது. அது சரியாக வேலை செய்தபோது சந்தோஷப்பட்டேன் என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே அவரிடம் போனேன். அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்றேன். அல்லது ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததை எழுத ஒரு கட்டம் சேர்க்கலாம், கொடுத்தது கணக்கு நிரம்பிய பிறகுதானே, தோட்டத்துக்கு ஒரு இலைகூடக் குறையாது என்றேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. “தம்பி, தோட்டத்து ஆபீஸ்காரர் கேட்டதைச் செய்து குடுக்கிறதுதான் எங்கட வேலை. அந்த நட்சத்திரத்தைப் பாத்துத்தான் மற்றத் தோட்டங்களும் கேட்டு வரப்போகினம். அதை எடுத்தால் பிறகு எங்களிட்ட என்ன இருக்கு?” என்றார். பிறகு, “உமக்கும் இதுதானே எதிர்காலம்,” என்றார். தோளில் தட்டினார்.

நான் விலகிவிடலாம் என்று நினைக்கிறேன். சொன்னால் நாளைக்கே போகலாம். ஆனால் நான் போனாலும் நட்சத்திரம் இருக்கும். இன்னொருவன் வந்து பார்த்துக்கொள்வான், அவனுக்கு அக்கரப்பத்தனை எந்தப் பக்கம் என்றே தெரியாது. நான் விலகினால் அப்பா சொன்ன சொல்லும் விலகிவிடும். உனக்கு ஹட்டன் இல்லை, பிள்ளைக்காம்பரா. நான் இருந்தால் உனக்கு ஹட்டன், அம்மாவுக்கு அரைப்பேர்.

இதை நான்தான் தீர்மானிக்க வேண்டும். மூத்தவன். ஆனால் மூன்று இரவாக யோசித்து ஒன்றும் வரவில்லை. படிப்பு முடிந்தால் யோசிக்க வேண்டியது குறையும் என்று நினைத்திருந்தேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். உன்னிடம் இதைக் கேட்பது சரியில்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

றோலண்ட்

*

கருங்கல் தோட்டம்.
19.10.1986

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணாவுக்கு,

விலக வேண்டாம். முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் கடைசிவரை வாசிக்காமல் தேடுவீர்கள்.

உங்கள் கடிதம் வந்த நாள் ஒரு பகல் முழுவதும் நான் பிள்ளைக்காம்பரா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மீனம்மா ஆயாவிடம்கூடப் போனேன். எனக்காக அம்மா அரைப்பேர் வாங்க வேண்டாம் என்று உங்களுக்கு எழுத வாசகம்கூட யோசித்து வைத்திருந்தேன், மிகவும் நன்றாக வந்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் அம்மா என்னை அடித்ததில்லை. அன்றைக்குக் கையை ஓங்கினார். வீங்கிய கையை ஓங்கிவிட்டு, வலித்ததால் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் படிச்சிப்புட்டு எனக்காக வேலய விடுறேன், பள்ளிக்கொடத்த விடுறேன்னு எழுதி எழுதி விளையாடுறீங்களா? அப்ப நான் எதுக்குடி இந்த மலைல ஏறுனேன்?”

அந்த நேரம் காளியாயி அக்கா வாசலில் நின்றார். உப்பு வாங்க வந்தேன் என்றார், ஆனால் கையில் பாத்திரம் இல்லை. பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது. லயத்தில் சுவர் இருப்பது பேருக்குத்தானே.

“ஒங்கண்ணன் கடுதாசில வேற என்னடி எழுதியிருக்கான்? அந்த மெசின் எதப் பாத்துச் சந்தேகப்படுதாம்?”

நான் அந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். காலையையும் அந்தியையும் ஒப்பிடுகிற பகுதியை. அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “அவ்வளவுதானா அதுக்குத் தெரியும்?” என்றார். “அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுன்னுதான் அண்ணன் எழுதியிருக்காரு,” என்றேன். அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா அக்காவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், பக்கத்துக் காம்பராவிலிருந்து ராக்காயி அத்தை சுவரில் தட்டினார், என்ன சங்கதி என்று. அம்மா எழுந்து போய்ச் சொன்னார். அவர்கள் பேசிப் பல மாதம் ஆகிறது.

உப்பு வாங்காமலே அக்கா போய்விட்டார்.

அது நடந்து பத்து நாள் போல ஆகிறது. அம்மாவுக்கு இப்போது முழுப்பேர் விழுகிறது. லெட்சுமிக்கும் விழுகிறது. நேற்று வந்த தாளில் இருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. கணக்கப்பிள்ளை பொன்னையா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த மெசினுக்கும் கடைசில கண்ணு வந்துருச்சு போல,” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சீவாமல் திரும்பவும் வைத்துக்கொண்டார்.

எப்படி என்று கேட்பீர்கள். நான் பார்த்தேன். காலையிலிருந்து அந்திவரைக்கும் நின்று, வழக்கம்போல ஒன்று விடாமல் பார்த்தேன். ஆனால் எழுத மாட்டேன். நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் பகலில் சாப்பிடும்போது உங்களுக்குப் பக்கத்தில் முத்துலிங்கம் சார் உட்காருகிறார். அவரும் கெட்ட மனிதர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான்.

கொப்பியில் எழுதி வைத்திருந்த பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். நனைந்த தாள், புகைந்து புகைந்துதான் எரிந்தது. அம்மாவுக்கு இருமல் வந்தது.

கொம்பியூட்டர் படித்தவர்களுக்கு என்ன வேலை உண்டு என்று மே மாதத்தில் கேட்டிருந்தேன். இப்போது கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் படிப்பைத்தான் படிக்கப்போகிறேன். அம்மாவுக்குப் பிடிபட்ட கணக்கு எனக்கும் பிடிபட வேண்டும் அல்லவா?

நாளை மறுநாள் ஹட்டனுக்குப் போகிறேன். அப்பா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தேநீர்க் கடையில் ஏறுவார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்திருக்கிறார். அம்மா வர மாட்டார். அன்றைக்குக் காலை நிறுவைக்கு முன்னால் அம்மாவுக்கு மலையில் வேலை இருக்கிறது. காளியாயி அக்காவின் மகளுக்குக் காய்ச்சல், அக்கா இரவெல்லாம் தூங்கவில்லை. அக்காவுக்குக் காலையிலேயே பறிக்கக் கை ஓடாதாம்.

அம்மாவின் கை கொஞ்சம் பரவாயில்லை.

இனிமேல் கடிதத்தை ஹட்டன் விடுதி விலாசத்துக்கு எழுதுங்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் பிரித்து வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். பார்த்து எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சிசிலி